மடுவாத்தாளை எந்தப் பக்கமாகச் சுற்றுவது

வெள்ளச்சியின் படகில் ஏறுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது லைஃப் ஜாக்கெட், அடுத்தது திட்டு. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். போன பொங்கல் விடுமுறையில் ஒரு புதுமாப்பிள்ளை, பட்டுச் சட்டை கசங்கும் என்று ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளச்சி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "ஏம்மா, நக நட்டெல்லாம் உன் பேர்லதான இருக்குது?" என்று அக்கறையாக விசாரித்தாள். மாப்பிள்ளை உடனே ஜாக்கெட்டை மாட்டி, பட்டியையும் இறுக்கிக்கொண்டான்.

இதையெல்லாம் டிக்கெட் சன்னலுக்குள்ளிருந்து பார்ப்பதுதான் எனக்கு உத்தியோகம். சொந்த ஊர் சங்கராபுரம். கல்வராயன் மலைமேல் இந்த மடுவில் படகுத்துறை திறந்தபோது ஒப்பந்த வேலைக்கு வந்தவன், திரும்பக் கீழே இறங்கவில்லை. குளிர் பிடித்துப்போய்விட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் பிடித்துப்போனது வேடிக்கை. சுற்றுலா வருகிற ஜனங்களைப் போல, கோபத்தையும் சிரிப்பையும் ஒருசேர வரவழைக்கிற கூட்டம் வேறு கிடையாது. காசு கொடுத்துத் தண்ணீருக்குள் போவார்கள், போன பிறகு தண்ணீர் ஆழமா என்று கேட்பார்கள்.

வெள்ளச்சி இங்கே வந்தது பெருக்குவதற்கு. ஆரம்பத்தில் துடுப்புப் போட கடலோரத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தார்கள். புயலுக்கெல்லாம் அசராத ஆட்கள்தான். ஆனால் மார்கழிக் குளிருக்கு முன்னால் அவர்கள் வீரம் செல்லவில்லை; படகுத்துறைப் போர்வையையும் எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டார்கள். அந்த வாரமே ஒரு குடும்பம் மிதிபடகோடு கொடிப்பாசியில் சிக்கிக்கொண்டு கூச்சல் போட்டது. விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு வெள்ளச்சி துடுப்புப் படகில் ஏறினாள். முதலில் இருந்த இடத்திலேயே தட்டாமாலை சுற்றினாள். பிறகு எப்படியோ பிடிபட்டது. குடும்பத்தையும் அவர்கள் படகையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள்.

மறுநாள் அவள் விளக்குமாற்றைத் தொடவில்லை. ஏன் பெருக்கவில்லை என்று மேலாளர் கேட்டார். "அத வேற யாருகிட்டயாச்சும் குடுங்க சார். நான் படகுக்கு மாறிட்டேன்" என்றாள். தனக்குத் தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்ட ஒரே ஊழியரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அலுவலகம் பிறகு சாவகாசமாக ஒப்புக்கொண்டது.

இனி மடுவாத்தாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தடுப்பணை கட்டித் தண்ணீர் ஏறியபோது, மேட்டில் இருந்த ஆத்தாள் பாறை நடுமடுவில் நின்றுவிட்டது. கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மஞ்சள் பூசிய மூன்று கல், ஒரு சூலம், அவ்வளவுதான். ஆடி மாதம் பூசாரி சடையன் பொங்கல் பானையோடு வெள்ளச்சியின் படகில் ஏறிப் பாறையைச் சுற்றி வருவார். மற்ற நாளிலும் அவள் படகு கோயிலைச் சுற்றுகிற மாதிரிதான் போகும், ஆத்தாள் வலது கைப்பக்கம் இருக்கும்படி. எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது பிணத்துக்கு மட்டும்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சோற்றை எந்தக் கையால் சாப்பிடுவது என்பது போல எல்லோருக்கும் தெரியும்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த படகுக்குக் கேடு ஒரு பிறந்தநாள் கேக்கில் வந்தது. போன வருடம் இரண்டு மிதிபடகுகள் பாறைக்குப் பின்பக்கம் எதிரும் புதிருமாக வந்தன. நீ விலகு, நான் விலகமாட்டேன் என்று இரண்டும் மோதின. ஒன்றில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்களை வெள்ளச்சி கரை சேர்த்துவிட்டாள், கேக்கைத்தான் காப்பாற்ற முடியவில்லை. விஷயம் மேலே போனது. மேலே போன எதுவும் உத்தரவாகத்தானே கீழே வரும். வருகிற சித்திரை முதல் தேதியிலிருந்து, பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்காத யாரும் பயணிகளை ஏற்றக்கூடாது என்றார்கள்.

பயிற்சி கொடுக்கவும் பரீட்சை வைக்கவும் தீனதயாளன் என்று ஒருவர் வந்தார். கடலூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தமாட்டார், கோபப்படமாட்டார். இந்த மாதிரி ஆட்களைத்தான் ஏமாற்றுவது கஷ்டம்.

வெள்ளச்சி நீச்சல் தெரியாமல் மாட்டிக்கொண்டாள் என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தால் அது தப்புக் கணக்கு. மடுவில் விழுந்து எழுந்து வளர்ந்தவள். மூழ்குகிற ஆளைக் காப்பாற்றுவதற்கு ஒரு ரப்பர் பொம்மையைத் தண்ணீரில் போட்டார்கள். அவள் நீந்திப்போய் அதன் பின்கழுத்தைப் பிடித்து இழுத்து வந்தாள். வழி முழுக்க, "ஜாக்கெட்டு போடுன்னா கேட்டியா?" என்று அதைத் திட்டிக்கொண்டே வந்தாள். தீனதயாளன் மீசைக்குள் சிரித்தபடி மதிப்பெண் போட்டார்.

வகுப்பில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை அவள் கொட்டாவி விட்டபடிதான் கேட்டாள். "படகுல ஆளுக்கு வலது இடது கெடையாதும்மா. படகோட மூக்கு எந்தப் பக்கம் பாக்குதோ, அத வச்சிதான் வலது இடது. ஏன்னா நீங்க மூக்குக்கு முதுகு காட்டிக்கினு ஒக்காந்து துடுப்பு போடுறீங்க. ஏறினவங்க உங்களப் பாத்து ஒக்காந்திருக்காங்க. ஆளாளுக்கு ஒரு வலது சொன்னா படகு கவுந்துடும்."

அடுத்து அவர் சொன்னதற்குத்தான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரெதிரே வரும் படகுகள் இரண்டும் தத்தம் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். அதனால் இனி மடுவில் எல்லாப் படகும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். கரை வலது பக்கம், பாறை இடது பக்கம்.

"சார், அது சாவுச் சுத்து" என்றாள் வெள்ளச்சி.

"ரோட்டுல இடது ஓரம் போறோம். தண்ணியில வலது ஓரம். உலகம் பூரா இதான்ம்மா."

"உலகம் பூரா மடுவாத்தா குந்திகினு இருக்காளா சார்?"

தீனதயாளன் அம்புக்குறிப் பலகைகளை அன்றைக்கே நடச் சொல்லிவிட்டார்.

பலகையைப் பார்த்துவிட்டுப் பூசாரி சடையன் படகுத்துறைக்கு வந்தார். வெள்ளச்சிக்குப் பெரியப்பா முறை. நல்ல மனுஷர்தான், ஆத்தாள் விஷயத்தில் மட்டும் ஆத்தாளைவிட அதிகமாகக் கோபப்படுவார். "கடல்ல சுத்துறவன் எப்பிடி வேணா சுத்திக்கட்டும். நீ அந்தப் பக்கமா சுத்தினா ஆடிப் பானை உன் படகுல ஏறாது புள்ள" என்று சொல்லிவிட்டு, என்னையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். டிக்கெட் கொடுத்ததைத் தவிர நான் செய்த குற்றம் என்னவென்று இன்றுவரை தெரியவில்லை.

பானை போனால் போகட்டும் என்றுதான் வெள்ளச்சி சொன்னாள். அவள் பயம் வேறு. அவள் புருஷன் வீரமுத்து சாமை அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு மாசியிலும் குடகுக்கு மிளகு பறிக்கப் போவான். வானத்தை இடிக்கிற மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, உச்சிவரை ஏறிப் பறிக்கிற வேலை. தினம் சாயங்காலம் சிக்னல் கிடைக்கிற படித்துறை ஓரத்தில் நின்றுகொண்டு அவனுக்குப் போன் செய்வாள். ஊரையே விரட்டுகிற குரல் அந்த நேரத்தில் பாதியாகிவிடும். பறிப்பு முடிந்து அவன் வீடு வந்து சேரும்வரை அவளுக்குத் தூக்கம் சரியாக வராது.

"அவன் அங்க மரத்து மேல நின்னுகினு இருக்கான். நான் இங்க சாவுச் சுத்து சுத்தட்டுமா தம்பி? எனக்கு பயமா இருக்குது" என்றாள். பயம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

பரீட்சை அன்று எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கயிறு வீசினாள், படகில் எத்தனை பேர் ஏறலாம், மழைக்காற்று வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கெல்லாம் டக்கென்று பதில் சொன்னாள். கடைசியில் தீனதயாளனை உட்காரவைத்துக்கொண்டு மடுவைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். அம்புக்குறிப் பலகைக்கு நேராகப் போய், அதை ஒரு தரம் பார்த்தாள். பிறகு துளி அலுங்காமல், பூப்போல, பழைய பக்கமாகவே சுற்றிக்கொண்டு வந்து படியில் சேர்த்தாள்.

தீனதயாளன் இறங்கினார். "இவ்வளவு நல்லா படகு ஓட்டுறவங்கள ஃபெயில் போடறது எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றார். கஷ்டப்பட்டுக்கொண்டே போட்டார். "நாளைக்குக் காலையில இன்னொரு தரம் பாக்கறேன். மத்தியானம் நான் பஸ் ஏறணும்."

மேலாளர் அதற்குள் வேறு ஆளுக்குச் சொல்லி வைத்துவிட்டார். வெள்ளச்சியின் வேலை போகாது என்றும், பழைய வேலை காலியாகத்தான் இருக்கிறது என்றும் ஆறுதலாகச் சொன்னார். அந்த ஆறுதலைக் கேட்டு அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் டிக்கெட் சன்னலைத் தட்டி, "ஏறு தம்பி" என்றாள். இத்தனை வருடம் படகுக்கு டிக்கெட் விற்கிறேனே தவிர, நான் அதில் ஏறியதில்லை. எனக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. அதை யாரிடமும் சொன்னதில்லை, அவளுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது. "கடைசியா ஒரு சுத்து ஆத்தாள பாத்துட்டு வந்துடறேன். தொணைக்கு வா" என்றாள். மறுக்க முடியவில்லை. ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, பட்டியை மூச்சு முட்ட இழுத்துக் கட்டினாள். எதிரே உட்கார்ந்து பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பழைய பக்கமாகவே போனோம். பாறை நெருங்கியதும் படகு ஒரு குலுங்கு குலுங்கியது. நான் பாறைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டேன்.

"சாயாத. எடது பக்கம் சாயாத" என்றாள்.

எனக்கோ உயிர்ப்பயம். இடது பக்கம் சாயாதே என்றால் இன்னும் வலது பக்கம் போக வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, இருந்த பக்கத்திலேயே இன்னும் நகர்ந்தேன். படகின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது.

"எடது பக்கம் சாயாதன்னு சொல்றன்ல."

"நான் வலது பக்கம்தான் அக்கா இருக்கேன்" என்று கத்தினேன். நிரூபிப்பதற்காகச் சோற்றுக் கையைத் தூக்கியும் காட்டினேன். பலகையை விட்ட அந்த ஒரு நொடிக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

வெள்ளச்சி துடுப்பை நிறுத்தினாள். என் கையைப் பார்த்தாள். அதே பக்கம் நீண்டிருந்த தன் கையைப் பார்த்தாள். அது அவளுடைய இடது கை. அந்தக் கைக்கு அப்பால் மடுவாத்தாள் மஞ்சளும் குங்குமமுமாக நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளச்சி சிரிக்க ஆரம்பித்தாள். துடுப்பு இரண்டும் கையிலிருந்து நழுவ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படகு ஆடியது. என் உயிர் தொண்டைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அக்கா, கரைக்குப் போயி சிரிக்கலாம்" என்றேன்.

சிரித்து முடித்தபோது அவள் கண்ணில் வேறு எதுவோ வந்துவிட்டது. கோபம்தான். யார் மேல் என்று அவள் சொல்லவில்லை. "நாளைக்கு பெரியப்பாவ கூட்டியாந்து படகுல ஏத்து. நான் கூப்பிட்டா வரமாட்டாரு. ஆத்தாளுக்கு அநியாயம் நடக்குது, கண்ணால வந்து பாருங்கன்னு சொல்லு, ஓடியாருவாரு" என்றாள்.

அப்படியேதான் ஆனது. காலையில் சடையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சண்டைக்குத் தயாராக வந்து நின்றார். சாட்சிக்கு ஒரு ஆள் படகில் வரட்டும் என்று தீனதயாளனும் சம்மதித்தார். ஜாக்கெட்டுக்குள் பூசாரியின் தாடி மட்டும் வெளியே தெரிந்தது. இருவரும் பின்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டாவது தடவை நான் ஏறவில்லை. ஒருமுறை செத்துப் பிழைத்தது போதும் என்று கரையிலேயே நின்றுகொண்டேன். மடு சின்னதுதான், பேசுவது எல்லாம் தண்ணீர்மேல் தெளிவாக வந்து சேரும்.

வெள்ளச்சி அம்புக்குறி காட்டிய பக்கமாகப் படகைத் திருப்பினாள்.

"ஏய், இன்னா பண்ற நீ?" என்றார் சடையன்.

"சர்டிபிகேட்டு வாங்கறேன் பெரியப்பா."

"ஆத்தா எடது பக்கம் வராடி."

"உங்களுக்கு. நான் இப்பிடி திரும்பி குந்திகினு இருக்கேன், நல்லா பாருங்க. எனக்கு சோத்தாங்கை பக்கம்தான் வரா."

சடையன் அவள் கையைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "அப்போ இத்தினி வருஷமா?" என்றார்.

"இத்தினி வருஷமா என் பீச்சாங்கை பக்கம்தான் இருந்தா. பானைய மடியில வச்சிகினு குந்தியிருந்த உங்க கைய வச்சே வலது எடது பேசினீங்க. துடுப்பு போடறவளோட கை எங்க இருக்குதுன்னு உங்கள்ல ஒருத்தராச்சும் பாத்தீங்களா? இத்தினி வருஷம் உங்க பக்கம் இருந்தா இல்ல, இனிமே கொஞ்ச நாளு என் பக்கம் இருக்கட்டும்."

கரையில் நின்ற எனக்கே சுருக்கென்றது. நானும்தான் இத்தனை வருடம் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசாரிக்கு இப்போது சொந்தக் கவலை வந்துவிட்டது. பாறை நெருங்கிக்கொண்டிருக்கிறது, ஆத்தாள் அவருடைய இடது பக்கம் வரப்போகிறாள். மனுஷர் திரும்பி உட்கார்ந்துவிடலாம் என்று சட்டென்று எழுந்து நின்றார். ஓடுகிற படகில் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்பது வகுப்பின் முதல் பாடம். அவர் வகுப்புக்கு வரவில்லை. படகு ஒரு பக்கமாகச் சரிந்தது, தீனதயாளன் கையிலிருந்த காகித அட்டை தண்ணீருக்குள் போனது.

"உக்காருங்க" என்றாள் வெள்ளச்சி.

பெரியப்பா என்ற மரியாதை அதில் மிச்சமில்லை. அதட்டலும் இல்லை. உட்காராமல் இருக்க முடியாத குரல் அது. சடையன் பொத்தென்று உட்கார்ந்தார், கரையில் நானும் உட்கார்ந்துவிட்டேன். அவள் துடுப்பு இரண்டையும் தண்ணீரில் அகல விரித்து ஊன்றி, படகு நிதானப்படும்வரை அசையாமல் இருந்தாள்.

"இப்ப திரும்புங்க. இடுப்பு பலகைய வுட்டு எழக்கூடாது. ஒவ்வொரு காலா தூக்கிப் போடுங்க. சார், நீங்க நடுவுல நகந்துக்கங்க."

சடையன் ஒவ்வொரு காலாகத் தூக்கிப் போட்டுத் திரும்பினார். பிறகு படகு அம்புக்குறியின்படியே பாறையைச் சுற்றியது. பூசாரி பின்பக்கம் பார்த்தபடி, ஆத்தாள் தன் வலது கைப்பக்கம் வந்ததும் கும்பிட்டார். வெள்ளச்சி தலையை மட்டும் தாழ்த்தினாள். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது தீனதயாளன் ஒருவர்தான். அவர் கணக்கை அவரும் ஆத்தாளும் தீர்த்துக்கொள்ளட்டும்.

படியில் இறங்கியதும் தீனதயாளன், "அடங்காத பயணிய எப்பிடி அடக்கறதுன்னு தனியா ஒரு பரீட்ச வைக்கணும்னு இருந்தேன். அவசியமில்ல" என்றார். சடையனுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. தன்னையும் பாஸ் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு அவருக்குக் கை கொடுத்தார். ஆடிக்குத் தான் எந்தப் பலகையில், எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று வெள்ளச்சியிடம் கேட்டு வைத்துக்கொண்டார்.

நான் அவளுக்கு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் படித்துறை ஓரத்தில் போனோடு நின்றிருந்தாள். பாறைக்கு அந்தப் பக்கம் இருந்த தைரியம் எல்லாம் எங்கேயோ போயிருந்தது. சாயங்காலம்வரை அவளால் பொறுக்க முடியவில்லை.

"எங்க இருக்க நீ?" என்றாள்.

வீரமுத்துவின் குரல் எனக்கும் கேட்டது. "மரத்துல. இன்னா, பாஸா?"

"எறங்கு."

"சொல்லிட்டுப் போயேன். பாதி மரம் பறிச்சிகினு இருக்கேன்."

"மொதல்ல எறங்கு."

அவள் காத்திருந்தாள். போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, ஏணிக் கணுவில் அவன் கால் வைக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் அதை நீட்டவில்லை. கடைசியில், "தரையிலதான் நிக்கறேன், சொல்லு" என்றான் அவன்.

"பாஸுதான்" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே திட்ட ஆரம்பித்தாள். "அறிவு இருக்குதா உனக்கு? ஒரு கையில போன வச்சிகினு மரத்துல நின்னு பேசறியே. ஆத்தா என் எந்தக் கைப்பக்கம் இருந்தா இன்னா, உன் ரெண்டு கையும் ஏணியில இருக்கணும்."